சைலென்சர் வெடிக்குதா? முதல்ல காரணத்தைச் சொல்லுங்க சாமி!

"ஏம் காதன்னா, கொஞ்செம் நடிபிதே போதுந்தி."

தெலுங்கு தெரியாதவர்களுக்கு: ஒன்றும் ஆகாது அண்ணா, கொஞ்ச நாள் ஓட்டினால் போய்விடும். இதையே சித்தூர்க்காரர் தமிழில் சொன்னால், "எப்.ஐ. வண்டின்னாலே அப்படித்தான் சார் இருக்கும்."

சித்தூர், திருப்பதி பக்கம் பைக் வைத்திருக்கும் தம்பியோ மச்சானோ உங்களுக்கு இருந்தால் இந்த வசனத்தைப் போனில் கேட்டிருப்பீர்கள். வண்டி நன்றாகத்தான் ஓடும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலென்சருக்குள் "டப்... டப் டப்... டுப்" என்று தீபாவளி. இறக்கத்தில் கேட்கவே வேண்டாம், சரவெடி. கொண்டு போய்க் காட்டினால் பதில் மூன்றே வகை. ஒன்று, "அப்படித்தான்". இரண்டு, "இந்த பார்ட்டை மாத்திப் பாக்கலாம்". மூன்று, "சத்தம் வராம பண்ணித் தர்றேன்".

இந்த மூன்றையும் எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. வெடிச் சத்தம் நோய் அல்ல, நோயின் அறிகுறி. அதற்குக் காரணம் உண்டு, அதைத் தேட ஒரு வரிசையும் உண்டு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பில் போடுகிறவர் உங்கள் பணத்தை எடுக்கிறார். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சத்தத்தை மட்டும் அடக்குகிறவர் உங்கள் வீட்டுப் பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறார். கொஞ்சம் காரமாகத் தெரிந்தால் மன்னிக்கவும். காரணம் கீழே வருகிறது.

"பைக் சத்தத்துக்கு இவ்வளவு அலட்டலா?" என்பவர்கள் ஊரின் மேடு பள்ளத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பெங்களூருக்குப் போகிற வழியில் மொகிலி கணவாய். திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி போகிற வழியில் பாகராபேட்டை கணவாய். எல்லாவற்றுக்கும் மேல் திருமலை. 1944-இல் திறந்த முதல் மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1974-இல் இரண்டாவது பாதை வந்த பிறகு ஏறுவது அதில், இறங்குவது பழையதில். அதாவது ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இன்ஜினின் இழுப்பிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டிய பாதை. சமவெளியில் சிக்னலுக்குச் சிக்னல் இரண்டு டப் கேட்டால், இங்கே வளைவுக்கு வளைவு கேட்கும்.

உடனே ஊரில் ஒரு "வைத்தியம்" சொல்வார்கள். "இறங்கறப்ப கிளட்ச்ச புடிச்சிக்கோ, சத்தம் வராது." இன்னும் சில புத்திசாலிகள், "சாவிய ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல உட்டுடு, பெட்ரோலும் மிச்சம்."

அடப்பாவிகளா!

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். திருமலைக்கும் கீழ்த் திருப்பதிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 700 மீட்டர். வண்டி 160 கிலோ, இரண்டு பேர் 130 கிலோ, மொத்தம் 290 கிலோ. இந்த எடை 700 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 20 லட்சம் ஜூல். ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கிளட்ச்சைப் பிடித்த நொடியில் இன்ஜின் பங்காளி கழன்றுகொள்கிறான். முழுச் சுமையும் உள்ளங்கை அகல டிஸ்க் பேடின் மீதும் பின்சக்கர டிரம்மின் மீதும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் ஏறியிருந்தால் அதன் கொதிநிலை இறங்கிப்போகும். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் லீவரை அழுத்தினால் ஸ்பாஞ்சை அழுத்துவது போல இருக்கும். அது எத்தனையாவது வளைவில் என்பதை ஏழுமலையானிடம்தான் கேட்க வேண்டும்.

சாவியை ஆஃப் செய்வது அதைவிட மோசம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். சாவி போனால் அந்த ஏ.பி.எஸ். போச்சு, ஹாரன் போச்சு, பின்னால் வருகிறவனுக்குப் பிரேக் லைட் போச்சு. கை தவறிச் சாவி இன்னும் ஒரு திருப்பு திரும்பினால் சில வண்டிகளில் ஹேண்டில் லாக்கே விழும்.

பெட்ரோல் மிச்சமாம்! இதுதான் பெரிய வேடிக்கை. கார்புரேட்டர் காலத்துப் புத்தி இது. எப்.ஐ. வண்டியில் கியர் போட்டபடி ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு இறங்கினால், பெரும்பாலான மாடல்களில் ஈ.சி.யூ. பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, பெட்ரோல் எதற்கு? நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் தானே ஓட வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும். ஆக, நியூட்ரலில் இறங்குகிறவர் பெட்ரோலையும் செலவழித்துப் பிரேக்கையும் எரிக்கிறார். ஒரு கல்லில் இரண்டு நஷ்டம்.

நிற்க. இந்த டப் டப் எங்கிருந்து வருகிறது?

சைலென்சருக்குள் வெடிக்க மூன்று பொருள் வேண்டும்: எரியாத பெட்ரோல், காற்று, சூடு. சூடு எப்போதும் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் திராட்டில் மூடி, சிலிண்டருக்குள் போகும் காற்று மிகவும் குறைகிறது. பழைய புகையே உள்ளே மிச்சமிருக்க, பிளக்கில் பொறி வந்தாலும் கலவை சரியாகப் பற்றாமல் போகும். ஈ.சி.யூ. பெட்ரோலை நிறுத்துவதற்கு முன் ஓரிரு சுற்றிலும், ஐடிலிங் வேகத்தை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலைத் திறக்கும் நேரத்திலும் இது அதிகம். உள்ளே போகும் பாதையின் சுவரில் ஒட்டியிருக்கும் பெட்ரோலும் சேர்ந்துகொள்ளும். அப்படி எரியாமல் தப்பியது பெண்டு பைப்புக்குள் போகிறது. அங்கே வெளிக்காற்றும் கிடைத்தால்... டப்!

வெளிக்காற்று எப்படி வரும்? இரண்டு வாசல். ஒன்று, கம்பெனியே வைத்த வாசல். புகையில் மிச்சமிருப்பதை எரிப்பதற்காகச் சுத்தமான காற்றைப் புகைப் பாதைக்குள் விடும் சின்ன வால்வும் ரப்பர் குழாயும் பல வண்டிகளில் உண்டு. இரண்டாவது, கம்பெனி வைக்காத வாசல். அதுதான் லீக். பெண்டு பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள பேக்கிங், நடுவில் கிளாம்ப், வெல்டிங் விரிசல், ஆக்ஸிஜன் சென்சார் மாட்டிய மரை. ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் புகை ஒரே சீராகப் போகாது. தள்ளும், இழுக்கும், தள்ளும், இழுக்கும். இழுக்கிற நேரத்தில் அந்த மயிரிழை இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே போகும்.

இவ்வளவுதான் விஷயம். இதில் "அப்படித்தான்" என்று கையை விரிக்க ஒன்றுமில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்தச் சத்தமும் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஷோரூமிலிருந்து வந்த நாளிலிருந்தே, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, இறக்கத்தில் மெல்லிய 'பொடபொட' கேட்டால் பல மாடல்களில் அது இயல்பு. ஆனால் நேற்று இல்லாதது இன்று வந்தால், அல்லது நேற்றை விட இன்று பலமாக இருந்தால், அதற்குப் பெயர் இயல்பு அல்ல. பழுது. இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலேயே "அப்படித்தான்" என்று சொல்வதுதான் எரிச்சல்.

இனி ஒரு சொந்தக் கதை. கடை பெயர், ஊர், வண்டி பெயர் எதுவும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தம்பி வண்டிக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் வால்வு வேலை நடந்தது. மறுநாள் போன்: "அண்ணா, வண்டி இறக்கத்துல பட்டாசு மாதிரி வெடிக்குதுண்ணா." திரும்பக் கொண்டு போனான். இன்ஜெக்டர் கிளீனிங் என்றார்கள், பில். போகவில்லை. பிளக், ஏர் ஃபில்டர், பில். போகவில்லை. ஆக்ஸிஜன் சென்சார், பெரிய பில். மைலேஜ் 40-லிருந்து 32-க்கு இறங்கியதுதான் மிச்சம். கடைசியில், "ஈ.சி.யூ. மாத்திப் பாக்கணும்" என்று ஐந்து இலக்கத்தில் ஒரு எஸ்டிமேட். வாட்ஸப்பில் அந்தக் காகிதம் வந்தபோது ஆபீஸில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். "ஒரு ரூபாய் கொடுக்காதே, வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வா" என்றேன்.

பிறகு சித்தூரில் மரத்தடியில் கடை வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக். ஸ்கேனர் கிடையாது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, நனைத்த கோணிச் சாக்கை மடித்துச் சைலென்சர் வாயில் ஒரு சில நொடி அழுத்திப் பிடித்தார். பெண்டு பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் "புஸ்... புஸ்..." அங்கே விரல் நகம் அளவுக்குக் கரிக் கோடு. "தம்பி, வால்வு வேலைக்கு பைப்ப கழட்டினவங்க பழைய பேக்கிங்கையே திருப்பிப் போட்டுட்டாங்க." பேக்கிங் விலை நூறு ரூபாய்க்குள். மொத்த வேலை அரை மணி. வெடிச் சத்தம் அன்றோடு சரி. இரண்டு வாரத்தில் மைலேஜும் திரும்பிவிட்டது.

மைலேஜ் ஏன் இறங்கியது, ஏன் ஏறியது? இதுதான் ரொம்ப முக்கியம். லீக் இருந்தது ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால். அந்த இடுக்கில் நுழைந்த வெளிக்காற்றைச் சென்சார் முகர்ந்து, "ஆக்ஸிஜன் அதிகமாக இருக்கிறது, பெட்ரோல் பற்றவில்லை" என்று ஈ.சி.யூ.வுக்குச் சொல்கிறது. ஈ.சி.யூ. நம்பி இன்னும் பெட்ரோல் தெளிக்கிறது. எரியாத பெட்ரோல் இன்னும் அதிகம், வெடி இன்னும் அதிகம், மைலேஜ் அம்போ. சென்சார் பொய் சொல்லவில்லை, ஈ.சி.யூ. தப்பு செய்யவில்லை, இன்ஜெக்டர் பாவம். குற்றவாளி ஒரு வளையம். அந்த வளையத்தைப் பார்க்காமல் மேலே உள்ள ஒவ்வொருவரையும் தூக்கில் போட்டால் எப்படி?

நம்மில் பலர் பொட்டி தட்டுகிறவர்கள். பிழையைத் திரும்ப வரவழைத்துப் பார்க்காமல், கடைசியாக என்ன மாற்றினோம் என்று கேட்காமல் கோடில் கைவைத்தால் மேனேஜர் விடுவாரா? "சர்வரையே மாத்திப் பாக்கலாம்" என்று முதல் நாளே சொன்னால் வேலையில் இருப்போமா? அங்கே கேட்கிற கேள்வியை ஏன் நம் வீட்டு வண்டிக்குக் கேட்பதில்லை? பணத்தை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்கிற பழக்கம்தான் இந்த வியாபாரத்துக்கு உரம். "அண்ணன் ஃபாரின்ல இருக்காரு" என்று தெரிந்தாலே எஸ்டிமேட்டில் ஒரு பூஜ்ஜியம் கூடுகிறது.

சரி, எந்த வரிசையில் தேட வேண்டும்? செலவில்லாதது முதலில், பிரித்துப்போட வேண்டியது கடைசியில்.

1. கேள்விகள். எப்போதிலிருந்து? அதற்கு முன்னால் என்ன வேலை நடந்தது? குளிர்ந்த இன்ஜினிலா, சூட்டிலா? எந்த வேகத்தில்? சைலென்சர் கம்பெனியுடையதா, வெளியில் வாங்கியதா? இதற்குக் காசு கிடையாது. பாதி விடை இங்கேயே கிடைக்கும்.

2. மீட்டரில் இன்ஜின் விளக்கு. சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் உள்ளே ஒரு பிழை எண் இருக்கிறது. அதைப் படித்து எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் அழிக்க வேண்டும். எழுதாமல் அழிப்பது சாட்சியைக் கொல்வது.

3. சைலென்சர் லீக். குளிர்ந்த இன்ஜினில் ஈரத்துணிச் சோதனை (கையுறை அவசியம், சில நொடி போதும்), இணைப்புகளில் கரிக் கோடு, நட்டு இறுக்கம். பைப்பைக் கழற்றினால் பேக்கிங் புதிது. இதில் பேரம் கிடையாது.

4. காற்று விடும் வால்வும் குழாயும். குழாயைச் சோதனைக்காக மட்டும் நெருக்கிப் பிடித்து ஓட்டிப் பார்த்தால் வெடி நிற்கிறதா? நின்றால் சந்தேகம் வால்வின் மேல். சோதனை முடிந்ததும் திரும்ப விட்டுவிட வேண்டும். நிரந்தரமாக அடைத்துவிட்டு "ரெடி சார்" என்பது ரிப்பேர் அல்ல.

5. உள்ளே போகும் பக்கம். திராட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் விரிசல், தளர்ந்த கிளிப், கழன்ற குழாய். பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவின் குழாய் வாட்டர் வாஷில் கழன்று தொங்குவதும் உண்டு.

6. ஆக்ஸிலேட்டர் கேபிள். இறுக்கமாக இருந்தால் திராட்டில் முழுக்க மூடாது. மூடியது தெரியாமல் ஈ.சி.யூ. பெட்ரோலை நிறுத்தாது. ஒரு ஸ்பேனர், இரண்டு நிமிடம்.

7. ஏர் ஃபில்டர், பிளக், வால்வு இடைவெளி. புகை வால்வு சரியாக மூடாமல் இறுகியிருந்தால் கலவை அப்படியே பைப்புக்கு ஓடும்.

8. பேட்டரி. வோல்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்கவே தாமதமாகும். அமர ராஜா பேட்டரி ஆலை இருப்பதே திருப்பதி பக்கத்துக் கரகம்பாடியில். அந்த ஊரிலேயே பேட்டரியைச் சோதிக்காமல் இன்ஜெக்டரைக் கழற்றுகிறவர்களை என்ன சொல்ல?

9. பெட்ரோல் அழுத்தம், இன்ஜெக்டர். மானி வைத்து அளந்து, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டு. கண்ணால் பார்த்து அல்ல.

10. ஈ.சி.யூ. மேலே உள்ள ஒன்பதும் தாண்டிய பிறகு.

இப்போது தம்பி வண்டியின் பில் வரிசையை மறுபடி பாருங்கள். 9, 7, சென்சார், 10. மூன்றாம் எண்ணைத் தொடவே இல்லை. ஏன்? நூறு ரூபாய் பேக்கிங்கில் லாபம் இல்லை. அவ்வளவுதான் தத்துவம்.

அடுத்து, சத்தத்தை அடக்கும் மேதைகள். ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒரு குட்டி டப்பியை மாட்டுவார்கள். விளக்கும் எரியாது, கலவையும் கொழுப்பாகி வெடி கொஞ்சம் அடங்கும். ஆனால் ஈ.சி.யூ.வுக்குக் கண் போச்சு. இன்று பங்க்கில் விற்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்குப் பங்குக்கு 14.7 பங்கு காற்று போதும் என்றால், இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 தான். பழைய அளவிலேயே தெளித்தால் கலவை மெலியும். அதை உணர்ந்து கூட்டித் தெளிக்கச் சொல்வதே அந்தச் சென்சார்தான். கண்ணைப் பிடுங்கிவிட்டு, பிறகு "எல்லாம் எத்தனாலால வர்ற பிரச்சினை சார்" என்று சொல்கிறார்கள் பாருங்கள், அந்தத் தைரியத்துக்கு ஒரு கோவிலே கட்டலாம்.

இன்னொரு கூட்டம் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையே உடைத்து எடுத்துவிடும். "ஃப்ரீயா மூச்சு விடும் சார்." அதில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. உடைத்தது எங்கே போனது என்று கேளுங்கள், பதில் வராது. கேட்டலிட்டிக் அடைத்துக்கொண்டது உண்மையாகவே இருந்தாலும், அது ஏன் அடைத்தது? எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து, தேன்கூடு போன்ற உள்பகுதி சூட்டில் உருகியதாலாக இருக்கலாம். மூல காரணத்தை விட்டுவிட்டால் புதிதாகப் போட்டதும் உருகும்.

வெளிச் சைலென்சர் மாட்டும் இளசுகளுக்கு: தடுப்புத் தகடு இல்லாத சைலென்சரில் சின்ன டப்பும் பெரிய டமாராகக் கேட்கும். அதை "சவுண்டு செம" என்று ரசிப்பவர்களுக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவை ஞாபகப்படுத்துகிறேன். சத்தம், புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். பல ஊர்களில் போலீஸார் இந்தச் சைலென்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்களே?

இதையெல்லாம் சொல்லும்போது சின்னக் கடை மெக்கானிக்குகளை மட்டும் திட்டினால் அது அநியாயம். வரலாறு அப்படி. இந்தியச் சாலைக்கு 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எப்.ஐ. வந்தது. 2007-இல் பஜாஜ் பல்சர் 220-ஐ எப்.ஐ.யோடு விட்டது; 2009-இல் அதே 220-ஐக் கார்புரேட்டரோடு திரும்பக் கொண்டுவந்தது. 2008-இல் யமஹா ஆர்15. அப்போதெல்லாம் எப்.ஐ. என்பது எங்கோ ஓடும் நாலு வண்டி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 கட்டாயமானதும், சில விதிவிலக்கு போக, சாதாரண நூறு சி.சி. வண்டி வரை எப்.ஐ. ஆகிவிட்டது. மிக்சர் ஸ்க்ரூவைக் காதால் கேட்டே திருப்பிச் சரிசெய்த கைகளுக்குத் திருப்ப ஸ்க்ரூவே இல்லாமல் போனது. அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஸ்கேனர் யார் கொடுத்தார்கள்? சர்வீஸ் மேனுவல் எங்கே?

ஒன்றாக இருந்த சித்தூர் மாவட்டத்தில்தான், இன்றைய திருப்பதி மாவட்டத்துச் சத்தியவேடு பக்கம், ஹீரோ மோட்டோகார்ப் ஆலையே இருக்கிறது. மாவட்டம் 2022 ஏப்ரலில் பிரிந்தது. வண்டியைச் செய்வது இந்த மண், அதைப் பழுது பார்க்கும் அறிவு மட்டும் இந்த மண்ணுக்குக் கிடைக்கக் கூடாதா? மத்திய அரசு 2022 டிசம்பரில் "பழுது பார்க்கும் உரிமை" என்று இணையதளமே திறந்தது. வாகனத் துறையும் அதில் ஒன்று. இணையதளம் திறந்தால் போதாது. எந்த மாடலுக்கு எந்த அழுத்தம், எந்தப் பிழை எண்ணுக்கு என்ன பொருள் என்பது மரத்தடிக் கடைக்கும் தெலுங்கிலும் தமிழிலும் போய்ச் சேர வேண்டும். அதுவரை பெரிய கடை பார்ட் மாற்றும், சின்னக் கடை ஊகம் செய்யும், நடுவில் நம் பணம் கரையும்.

ஆனால் அந்த மரத்தடிப் பெரியவரிடம் என்ன இருந்தது? மேனுவலா, ஸ்கேனரா? ஒரு ஈரச் சாக்கும் வரிசையாகத் தேடும் புத்தியும். சென்டரில் ஏ.சி. அறையும் கம்ப்யூட்டரும் இருந்தன, தேடும் மனசு இல்லை. எனவே பயிற்சி இல்லை என்ற சாக்கை (கோணிச் சாக்கு அல்ல!) பெரிய கடைகள் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு: நிறையச் செய்யலாம். ஊரில் இருந்து அடுத்த முறை "வண்டி வெடிக்குது" என்று போன் வந்தால், எவ்வளவு ஆகும் என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். இந்த மூன்றைக் கேளுங்கள்.

ஒன்று: இந்த பார்ட்தான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? என்ன சோதனை செய்தார்கள்?

இரண்டு: பிழை எண் என்ன? எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பு.

மூன்று: பெண்டு பைப் லீக் பார்த்தார்களா? கழற்றியபோது புது பேக்கிங் போட்டார்களா? பழைய பார்ட் எங்கே?

மூன்றுக்கும் பதில் வந்தால் தாராளமாகப் பணம் அனுப்புங்கள். நல்ல வேலைக்குக் கூலி கேட்பதில் தப்பில்லை, கூடவே கொடுக்கலாம். பதில் வராவிட்டால் வண்டியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்லுங்கள். பழுது சரியாகும் வரை மலைப்பாதைக்குப் போக வேண்டாம், பஸ் இருக்கிறது. வேறு வழியில்லாமல் போனால், இறங்கும்போது கிளட்ச்சைப் பிடிக்காமல், நியூட்ரலில் விடாமல், இரண்டாவது மூன்றாவது கியரிலேயே வரட்டும். வெடித்தால் வெடிக்கட்டும். சைலென்சர் வெடித்தால் ஊர் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். பிரேக் போனால் நாம் டிக்கெட் போட்டு ஓட வேண்டியிருக்கும்.

பி.கு.: ஈரத்துணிச் சோதனையைச் சூடான சைலென்சரில் செய்து கையைச் சுட்டுக்கொண்டு என்னைத் திட்டாதீர்கள். காலையில், குளிர்ந்த இன்ஜினில், கையுறையோடு, சில நொடி. மறுபடியும் சொல்கிறேன், சில நொடி!